பௌத்த தியானக் குழுவுக்கு முதல்முறை போகும்போது

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. செயலியின் துணையோடு வீட்டில் தனியாகச் சில மாதங்களாக மூச்சுத் தியானம் செய்கிறீர்கள். வாரம் ஒருமுறை கூடுகிற ஒரு பௌத்த தியானக் குழுவுக்குப் போக ஆசை. ஆனால் நீங்கள் பௌத்தர் இல்லை, சம்மணம் போட்டால் முழங்கால் வலிக்கும். விழுந்து கும்பிடச் சொல்வார்களா, மந்திரம் சொல்ல வேண்டுமா, எல்லார் முன்னாலும் பேச வைப்பார்களா, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா என்று தயங்குகிறீர்கள்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். பௌத்தராக இருக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காரலாம், கும்பிடாமல் இருக்கலாம், வாயே திறக்காமல் திரும்பி வரலாம். பெரும்பாலான குழுக்களில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. சுளிக்கிற குழு என்றால் அது முதல் நாளிலேயே தெரிந்துபோவதும் நல்லதுதான். புதிதாகப் போகிறவர்கள் "நான் சரியாக நடந்துகொள்வேனா" என்றே கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கவலையைத் திருப்பிப் போட வேண்டும். தப்பாக மணி கேட்டு எழுந்துவிட்ட, நடுவில் இருமிய, கும்பிடாமல் நின்ற ஒரு புதியவரிடம் அந்தக் குழு எப்படி நடந்துகொள்கிறது? அதைப் பார்க்கத்தான் நீங்கள் போகிறீர்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை இருக்கிறது: அது எந்த மரபைச் சேர்ந்த குழு என்று தெரிந்துகொள்வது. பௌத்த தியானம் என்ற ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் பல விஷயங்கள் நடக்கின்றன. மூச்சைக் கவனிக்கலாம் என்று போனவர் ஒரு மணி நேரம் மந்திரம் ஓதிவிட்டுக் குழப்பத்தோடு வீடு திரும்புவது இதனால்தான்.

இலங்கை, பர்மா, தாய்லாந்து நாடுகளின் பௌத்த மரபான தேரவாத வழியில், உடலிலும் மனத்திலும் நடப்பதை உள்ளபடி கவனிக்கும் விபாசனாக் குழுக்களில் சடங்கு பொதுவாகக் குறைவு. அதிலேயே கிளைகள் உண்டு. பர்மாவின் மகாசி சயாதோ (1904–1982) வகுத்த முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, தோன்றுவதையெல்லாம் மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். உட்காருவதற்கு ஈடாக நடையும் இருக்கும். அதே பர்மாவின் ஊ பா கின்னிடம் கற்ற சத்ய நாராயண் கோயங்காவின் (1924–2013) முறையில் மூச்சில் தொடங்கி, உடல் முழுவதும் உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை வரிசையாகக் கவனிப்பார்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கோயங்கா வழியினரின் வாராந்தரக் கூட்டு அமர்வுகள் 10 நாள் முகாமை முழுதாக முடித்தவர்களுக்கு மட்டுமே. நேராகப் போய் நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் விதி.

ஜப்பான் வழி வந்த ஜென் மரபின் கூடம் என்றால் நேர் எதிர். சொல்லித்தருவது கொஞ்சம், முறைமை நிறைய. எங்கே வணங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, கையை எப்படி வைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கும். ஜென்னின் கிளைகளில் ஸோட்டோ மரபில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். ரின்ஸாய் மரபில் எதிரெதிராக. பல கூடங்களில் புதியவர்களுக்கென்று தனி அறிமுக வகுப்பு வைத்திருக்கிறார்கள். இருந்தால் அதற்குப் போய்விட்டு அப்புறம் வழக்கமான அமர்வுக்குப் போங்கள், பாதிப் பதற்றம் போய்விடும்.

வியட்நாம் துறவி திக் நாட் ஹான் (1926–2022) வழிக் குழுக்கள்தான் புதியவர்களுக்கு மிக இதமானவை என்பது என் கணிப்பு. நடை, பாட்டு, பகிர்வு என்று எல்லாம் கலந்திருக்கும். பேச்சின் நடுவே திடீரென்று மணி ஒலிக்கும், பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிடுவார், மொத்தக் கூட்டமும் சிலை மாதிரி நின்று மூன்று மூச்சு விட்டுவிட்டுத் தொடரும். என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

திபெத்திய மையங்களில் வண்ணமயமான படங்கள், நீர் நிரப்பிய கிண்ணங்கள் அடுக்கிய பீடம், நுழைந்ததும் மூன்று முறை தரையில் விழுந்து வணங்குகிறவர்கள் எல்லாம் கண்ணில் படும். ஒரு நூலைச் சேர்ந்து ஓதுவதும், ஓர் உருவை மனத்தில் வரைந்து நிறுத்துவதுமே அங்கே தியானமாக இருக்கலாம். சில பயிற்சிகளுக்குத் தீட்சை வேண்டும். ஆகவே "அமைதியாக உட்காருகிற அமர்வு எந்தக் கிழமை" என்று கேட்டுப் போவது உத்தமம். ஜப்பானியத் துறவி நிச்சிரென் வழிக் குழுக்களில் பெரும்பாலும் 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்று சேர்ந்து உச்சரிப்பதே முக்கியப் பயிற்சி. மூச்சுத் தியானத்தைத் தேடிப் போகிறவருக்கு அது பொருந்தாது. இன்னொன்று, 1979-இல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய 8 வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியும் அதன் கிளைகளும் பௌத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டவை, ஆனால் பௌத்தக் குழுக்கள் அல்ல. மதமே வேண்டாம் என்பதுதான் உங்கள் தயக்கம் என்றால் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

மரபு தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: புதியவர் வரலாமா, ஒரே இருப்பில் எத்தனை நிமிடம், நாற்காலி உண்டா. பதில் வருகிற தோரணையே கொஞ்சம் சொல்லிவிடும். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். தாமதமானால் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருக்கும் அறையில் நீங்கள் மட்டும் பையின் ஜிப்பைத் திறக்கிற நிலைமை வரும். உடை தளர்வாக இருந்தால் போதும், ஜீன்ஸ் வேண்டாம், வாசனைத் திரவியம் வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். கைபேசியை அணைத்துவிடுங்கள். அதிர்வில் வைத்தால் மரத்தரையில் அது இன்னும் சத்தமாகக் கேட்கும்.

இனி உட்காருவது. உங்கள் கேள்வியில் இதுதான் நிஜமான விஷயம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

சம்மணத்தின் சூட்சுமம் காலில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், இரண்டு முழங்காலும் தரையைத் தொட வேண்டும். இந்த மூன்று புள்ளியும் கிடைத்தால் முதுகு தானாக நிமிரும். தட்டையான தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும், கால் மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். அதற்காகத்தான் உருண்டைத் திண்டு. ஜென் கூடங்களில் ஸாஃபு என்பார்கள். அதன் நடுவில் உட்காராமல் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் உட்காருங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கினால் அடியில் மடித்த போர்வையைச் செருகுங்கள். இதுவும் சரிவரவில்லை என்றால் மண்டியிட்டு, தொடைகளுக்கு நடுவே திண்டை நிறுத்தி அதன்மேல் உட்காரலாம். சிறிய மணைகளும் இதற்கென்றே வைத்திருப்பார்கள்.

உங்கள் முழங்காலுக்கு நான் சொல்வது நாற்காலி. வெட்கப்பட ஒன்றுமில்லை. விழிப்பைப் பற்றிய புத்தரின் உபதேசமான சதிபட்டான சூத்திரமே நடக்கும்போது, நிற்கும்போது, உட்காரும்போது, படுத்திருக்கும்போது என்று நான்கு நிலைகளிலும் விழிப்போடு இருப்பதைத்தான் சொல்கிறது. நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் காலடியில் ஒரு திண்டு. பல வருடம் பழகியவர்களே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள், முழங்கால் யாரையும் விட்டுவைப்பதில்லை.

ஸோட்டோ கூடங்களில் மூன்று முறை மணி ஒலித்தால் அமர்வு தொடங்குகிறது, இரண்டு என்றால் எழுந்து நடக்கப்போகிறார்கள், ஒன்று என்றால் முடிந்தது. மற்ற இடங்களில் இவ்வளவு கணக்கில்லை. பக்கத்திலிருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும். அப்புறம் மூக்கு அரிக்கும். எச்சில் விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்கிற மாதிரித் தோன்றும். யாரோ ஒருவர் வயிறு கடமுடா என்னும், அதைக் கேட்டதும் உங்கள் வயிறும் தொடங்கும். மணி அடிக்கிறவர் தூங்கிவிட்டாரோ என்று ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். அங்கே இருக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. இருமல் வந்தால் இருமுங்கள். அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பது பக்கத்திலிருப்பவரை இன்னும் அதிகமாகக் கலைக்கும்.

அசையலாமா? குழுவைப் பொறுத்தது. கோயங்கா முகாம்களில் நான்காம் நாளுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கை கால் மாற்றாமல் உட்காரும் உறுதி அமர்வுகள் உண்டு. ஜென் கூடங்களிலும் அசையாமையை வற்புறுத்துவார்கள். மகாசி முறையில் வலியைக் குறித்து, அசைய வேண்டும் என்ற எண்ணத்தையும் குறித்து, பிறகு மெதுவாகக் காலை மாற்றினால் அதுவே பயிற்சி. எந்த மரபானாலும் ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். கால் மரத்துப்போவது வேறு, முழங்கால் மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு. முன்னது எழுந்து அசைத்ததும் சரியாகிவிடும். பின்னது, இடுப்பு மூட்டு இளகாததால் திருகல் முழுவதும் முழங்காலில் விழுகிறது என்பதற்கான அறிகுறி. அதைப் பொறுத்துக்கொள்வது வீரமில்லை, உடனே காலை நீட்டிவிடுங்கள். மணி அடித்ததும் மரத்த காலோடு தடாலென்று எழுந்து கணுக்காலைப் பிசகிக்கொள்ளவும் வேண்டாம். தேய்த்துவிட்டு, விரல்களில் உணர்வு வந்தபின் எழுந்தால் போதும், காத்திருப்பார்கள்.

முதல் நாளே அசத்திவிட வேண்டும் என்று இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு சோணரின் கதை பொருந்தும். புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. பாதத்தில் ரத்தம் கசியும்வரை நடைத் தியானம் செய்தும் பலன் காணாமல் சலித்துப்போன துறவி அவர். இல்லறத்தில் வீணை வாசித்தவர். அவரிடம் போய்ப் புத்தர் கேட்டது, தந்தி மிக இறுக்கமாக இருந்தால் இசை வருமா, மிகத் தளர்ந்திருந்தால் வருமா என்றுதான். வீட்டில் செயலியோடு பத்து நிமிடம் உட்கார்ந்தவர் இங்கே நாற்பது நிமிடம் உட்காரப் போகிறீர்கள். பாதி நேரம் மனம் ஊர் சுற்றும். சுற்றட்டும், திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

தனியாகவே செய்யக் கூடியதை ஏன் கூட்டமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றலாம். வீட்டில் சலிப்புத் தட்டினால் எழுந்துவிடுவோம். இங்கே இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது எழ மனம் வராது, அந்தச் சலிப்பு என்ன செய்கிறது என்று பார்க்கிற சந்தர்ப்பம் முதல்முறையாகக் கிடைக்கும். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதி அல்ல, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாக இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயம் சொல்கிறது. குழு என்பதற்குப் பௌத்தத்தில் இவ்வளவு இடம் இருப்பதை அறிந்து போவது நல்லது, வெறும் வசதிக்காகக் கூடுகிற கூட்டம் அல்ல அது.

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே நடை இருக்கும். ஸோட்டோ கூடத்தில் ஒரு மூச்சுக்கு அரை அடி என்கிற வேகத்தில் வரிசையாக வலம்வருவார்கள். முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்து நடந்தால் போதும். கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் அதற்கான நேரமும் இதுதான், வணங்கிவிட்டு வரிசையிலிருந்து விலகலாம்.

கும்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஜென் கூடத்தில் உட்காருவதற்கு முன் தன் திண்டை நோக்கி ஒரு கும்பிடு, திரும்பி மற்றவர்களை நோக்கி ஒரு கும்பிடு. திண்டையா கும்பிடுகிறார்கள் என்று சிரிப்பு வரலாம். கூட இருந்து பயிற்சி செய்கிறவர்களுக்கும் இடத்துக்கும் காட்டுகிற மரியாதை அது. புத்தர் சிலையின் முன் விழுந்து வணங்குவது உங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் ஓரமாக அமைதியாக நில்லுங்கள். 'புத்தம் சரணம் கச்சாமி' என்று தொடங்கும் திரிசரணமும் (புத்தர், தர்மம், சங்கம் மூன்றிடமும் சரண் புகுவது) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்கிற இடங்களில் சேர்ந்து சொல்லலாம், கேட்டுக்கொண்டும் இருக்கலாம். வாரக் கூட்டத்தில் வாயசைத்ததற்காக யாரும் உங்களைப் பௌத்தர் கணக்கில் எழுதிவிடுவதில்லை. முறைப்படி சரணம் புகுவது என்பது நாமாகக் கேட்டுச் செய்துகொள்கிற தனிச் சடங்கு. ஓதும் நூலைத் தரையில் வைக்காதீர்கள், பீடத்தையோ ஆசிரியரையோ நோக்கிக் காலை நீட்டாதீர்கள். இந்த இரண்டை மட்டும் எங்கும் கடைப்பிடியுங்கள்.

கடைசியில் பேச்சு அல்லது பகிர்வு நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். உங்கள் முறை வந்தால் "முதல்முறை வந்திருக்கிறேன், இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்தக் கூடாது. திக் நாட் ஹான் வழிக் குழுக்களில் பேச விரும்புகிறவர் கைகூப்புவார், மற்றவர்களும் கைகூப்புவார்கள், அவர் முடித்து மீண்டும் கைகூப்பும்வரை குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், ஆலோசனையும் சொல்ல மாட்டார்கள். அங்கே ஒருவர் தன் துக்கத்தைச் சொன்னால் அதை வெளியே கொண்டுபோகாதீர்கள். வாசலில் அவரை மடக்கி ஆறுதல் சொல்லப் போகாதீர்கள்.

பணம்? பெரும்பாலும் தானப் பெட்டி இருக்கும், இஷ்டமிருந்தால் போடலாம். கோயங்கா மையங்களில் ஒரு முகாமாவது முடிக்காதவரிடம் நன்கொடையே வாங்குவதில்லை.

இனி நான் முதலில் சொன்ன விஷயம். குழுவை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஆசிரியரிடம் யாராவது உடன்படாத கேள்வி ஒன்றைக் கேட்கும்போது அறையைக் கவனிப்பது. பௌத்தத்தில் மனத்தை மறைக்கும் ஐந்து தடைகள் என்று ஒரு பட்டியல் உண்டு: ஆசை, வெறுப்பு, சோம்பல், பரபரப்பு, ஐயம். கடைசியில் நிற்கிற ஐயம் என்பது, பயிற்சியைத் தொடங்கவும் விடாமல் கைவிடவும் விடாமல் நடுவழியில் நிறுத்திவைக்கிற தடுமாற்றம். மோசமான ஆசிரியர் ஒருவர் கையில் இது ஆயுதமாகிவிடும். "உன் கேள்வியே ஒரு தடைதான், உட்கார்ந்து பார்" என்று வாயை அடைத்துவிடலாம். நல்ல ஆசிரியரும் உட்கார்ந்து பார் என்பார், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு. காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தை இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள்: குரு சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்காதே என்று. அதை "உனக்குப் பிடித்ததை நம்பிக்கொள்" என்று படிப்பதும் தப்பு. அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் புகழ்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்கிறது அதே சூத்திரம். ஆக, கேள்வியும் கேட்க வேண்டும், பதிலுக்குக் காதும் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் யாரிடம் கற்றார், கற்பிக்க அனுமதி பெற்றவரா என்று கேட்டால் நேராகப் பதில் வர வேண்டும். ஆசிரியரே இல்லாமல் நண்பர்களாகக் கூடுகிற குழுக்களும் உண்டு, அதில் குறையொன்றுமில்லை, அதைச் சொல்லிவிட்டால் சரி. முதல் நாளே நீண்ட முகாமுக்குப் பெயர் கொடுக்கச் சொல்வது, இங்கே நடப்பதை வெளியில் சொல்லாதே என்பது, பழைய உறுப்பினர்கள் விலகியதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மாறுவது, இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வாரம் வேறு குழுவைத் தேடுங்கள். சாந்தமான குரலும் காவி அங்கியும் ஒருவர் நல்லவர் என்பதற்குச் சான்று அல்ல.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், பழைய அதிர்ச்சி எதையாவது சுமப்பவர்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட வேண்டும். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பயம், தூக்கமின்மை, தன்னுணர்வே மாறிப்போவது போன்ற சிரமங்களைத் தியானம் செய்கிறவர்கள் சந்தித்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு மிரள வேண்டியதில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது பீதி கிளம்பினால் கண்ணைத் திறந்து, மூச்சை விட்டுவிட்டுப் பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், தேவைப்பட்டால் எழுந்து வெளியே போங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற தியான ஆசிரியர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தலாம், காரணம் சொல்லக்கூட வேண்டாம். வருவதும் போவதும் இந்தக் குழுக்களுக்குச் சகஜம். மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லை, வெறும் அந்நியமாக மட்டும் இருந்தது என்றால் இன்னும் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். முதல் நாள் கவனம் முழுவதும் எப்போது வணங்குவது, எங்கே செருப்பை விடுவது என்பதிலேயே போய்விடும், தியானம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படியும் ஒட்டவில்லை என்றால் வேறு மரபுக் குழு ஒன்றைப் பாருங்கள். தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி அனுப்பினால் போதும்.